கண் இமையில் கரப்பான் கிரீம் போட்டு வந்தேன், இப்போது பிள்ளைக்கு வெளிச்சம் கூசுகிறது. யாருக்காவது தெரியுமா?

தாம்வே_அம்மா | ஜனவரி 11, இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். இங்கே முதல் தடவை எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சின்னவனுக்கு நாலு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது கன்னத்தில் கரப்பான் தொடங்கியது, தோல் சிவந்து அரிக்கிற எக்ஸிமாதான். அப்புறம் கழுத்து, முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு என்று இறங்கியது. மழைக்காலத்தில் கொஞ்சம் அடங்கும். நவம்பர் தாண்டிக் காற்று வறண்டுவிட்டால் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே இருப்பான். காலையில் படுக்கை விரிப்பில் பொட்டுப் பொட்டாக ரத்தம் இருக்கும். கரண்ட் போகிற ராத்திரிகளில் வேர்வையும் சேர்ந்துகொள்ளும், அன்று யாருக்கும் தூக்கம் கிடையாது.

போன ஜூன் மாதம் கண் இமையிலும் வந்துவிட்டது. இங்கே ரங்கூனில் பக்கத்துத் தெரு மருந்துக் கடையில் காட்டினேன், ஒரு டியூப் கொடுத்தார்கள். மூன்றே நாளில் இமை சுத்தமாகிவிட்டது. அவ்வளவு சந்தோஷம், நானே நாலு பேருக்கு அந்த டியூபைச் சொன்னேன். நிறுத்தினால் இரண்டு நாளில் மறுபடி சிவந்து வீங்கும், மறுபடி போடுவேன். இப்படியே ஆறு டியூப் தீர்ந்தது. ஊரிலிருந்து வந்த மாமாவிடம் சொல்லிச் சென்னையிலிருந்தும் இரண்டு வாங்கினேன்.

நேற்று ஜன்னல் ஓரம் மடியில் போட்டு நகம் வெட்டும்போதுதான் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். மேல் இமைத் தோல் வெங்காயத்தின் உள்சவ்வு போல மினுங்குகிறது. அதற்கடியில் சிவப்பு நூலைக் கிழித்துப் போட்ட மாதிரி ரத்தக்குழாய் தெரிகிறது. கன்னத்தில் இதுவரை இல்லாத பூனைமுடி. இரண்டு வாரமாக வாசல் கதவைத் திறந்தாலே கையால் கண்ணைப் பொத்திக்கொள்கிறான். பனிக்காலத்து வெயில் கூசத்தான் செய்யும் என்கிறார் மாமியார். எனக்கு மனசு கேட்கவில்லை. இது கிரீமால் வந்ததா? உங்கள் பிள்ளைகளுக்கு இப்படி ஆனதா?

போத்தாட்டாவ்_அண்ணன் | ஜனவரி 11, இரவு 10.48

தங்கச்சி, அது ஸ்டீராய்டு. விஷம். இந்த நிமிஷமே எல்லாவற்றையும் குப்பையில் போடுங்கள். வேப்பிலையைக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டுங்கள், தேங்காய் எண்ணெய் தடவுங்கள். என் அக்கா பிள்ளைகள் மூவரும் அப்படித்தான் வளர்ந்தார்கள்.

பெகு_மருந்துக்கடை | ஜனவரி 11, இரவு 11.30

அண்ணன் அக்கறையில் சொல்கிறார், ஆனாலும் அவசரப்பட்டுக் குப்பையில் போடாதீர்கள் அம்மா. அந்த டியூபும் அட்டைப்பெட்டியும் நமக்கு வேண்டும். 22 வருஷமாக மருந்துக் கவுண்டரில் நிற்கிறவன் நான். எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். டியூபில் மருந்தின் பெயர் என்ன போட்டிருக்கிறது? பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயர் இல்லை, அதற்குக் கீழே பொடி எழுத்தில் சதவீதத்தோடு இருக்குமே, அது. உடம்பில் எங்கெங்கே தடவுகிறீர்கள்? எத்தனை நாளாக?

தாய்லாந்து டியூபானாலும் மருந்துப் பெயரைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் போட்டிருப்பார்கள். கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் படிக்கலாம்.

தாம்வே_அம்மா | ஜனவரி 12, காலை 6.15

ஐயா, இவ்வளவு நாள் அதைப் படிக்கவே தோன்றவில்லை. டியூப் வாலைச் சுருட்டிச் சுருட்டி அழுத்தியதில் பாதி எழுத்து மடிப்புக்குள் போய்விட்டது, பிரித்து நீவிப் படம் எடுத்தேன். குளோபெட்டசால் புரோப்பியோனேட் 0.05%, நியோமைசின், மைக்கனசோல். மூன்றும் ஒரே டியூபில். சென்னை டியூபிலும் அதேதான், கம்பெனி மட்டும் வேறு. இமை, கன்னம், முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தடவுகிறேன். இமையில் ஏழு மாதமாக. நிறுத்திய நாட்களைக் கூட்டினாலும் ஒரு மாதம் தேறாது.

பெகு_மருந்துக்கடை | ஜனவரி 12, காலை 8.05

படித்ததும் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன் அம்மா. உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டீர்கள், அவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

தோலில் தடவும் ஸ்டீராய்டு என்றால் அழற்சியை அடக்கும் மருந்து. அவற்றை வீரியத்தை வைத்து நாலு படியாகப் பிரிப்பது பிரிட்டிஷ் வழக்கம். கீழ்ப்படியில் ஹைட்ரோகார்ட்டிசோன் 1%. அடுத்தது குளோபெட்டசோன். மூன்றாவது பெட்டாமெத்தசோன் வேலரேட் 0.1%, மொமெட்டசோன் 0.1% போன்றவை. உச்சியில் இருப்பது உங்கள் கையில் இருக்கும் குளோபெட்டசால். உள்ளங்கை, உள்ளங்கால் போலத் தடித்த தோலுக்குக் கொஞ்ச நாள் கொடுக்கும் மருந்து அது. குளோபெட்டசோன், குளோபெட்டசால் என்று பெயர் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவதும் உண்டு. இரண்டுக்கும் நடுவே இரண்டு படி வித்தியாசம்.

இமைத்தோல் உடம்பிலேயே மெல்லியது, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். ஒரே மருந்து எந்த இடத்தில் எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்று 1967-இல் அமெரிக்காவில் ஹைட்ரோகார்ட்டிசோனை வைத்து அளந்தார்கள். முன்கையை 1 என்று வைத்தால் நெற்றியில் 6, தாடையில் 13, விதைப்பையில் 42 பங்கு இறங்கியது. கையில் ஒன்றும் செய்யாத கிரீம் முகத்தில் வேலையைக் காட்டுவது அதனால்தான். குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பும் அதிகம். டயப்பருக்குள் தடவினால் மூடிக் கட்டியது போல ஆகி இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

நீங்கள் பார்த்த மினுமினுப்பு, நூல் போன்ற ரத்தக்குழாய், பூனைமுடி மூன்றும் வீரிய ஸ்டீராய்டின் அடையாளங்கள். தோல் மெலிவது பெருமளவு திரும்பும், முடியும் உதிரும், மாதக்கணக்கில் ஆகும். ரத்தக்குழாய் கொஞ்சம் தங்கலாம். அதே டியூபில் கலந்திருக்கும் நியோமைசின் என்னும் கிருமிக்கொல்லி இன்னொரு தொல்லை. சில பிள்ளைகளுக்கு அதுவே ஒவ்வாமை ஆகி அரிப்பைக் கிளப்பும், நாம் கரப்பான் பொங்குகிறது என்று மேலும் பூசுவோம்.

இமையில் இந்த டியூப் இனி வேண்டாம். ஆனால் வெறுமனே நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் தோல் பொங்கும், பிள்ளை எரிச்சல் தாங்காமல் அழுவான், பயந்து திரும்பவும் போடுவீர்கள். அதனால் இன்றோ நாளையோ தோல் டாக்டரிடம் டியூபோடு போய்விடுங்கள். எதை வைத்து இறக்குவது, எத்தனை நாளில் இறக்குவது என்று அவர் சொல்லட்டும். கண்ணைப் பற்றி இங்கே கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த தங்கச்சி ஒருவர் இருக்கிறார், அவர் பார்த்தால் எழுதுவார்.

கண்நர்ஸ் | ஜனவரி 12, மதியம் 1.40

அக்கா, இந்த வாரத்துக்குள் கண் டாக்டரைப் பாருங்கள். கண் அழுத்தமும் பார்க்க வேண்டும், கண்மணியை (கண் பாப்பாவை) விரிய வைத்து லென்ஸும் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். பொதுவாகக் கண்ணைப் பாருங்கள் என்று சொன்னால் எழுத்துப் படிக்க வைத்துவிட்டு அனுப்பிவிடலாம்.

இமையில் மாதக்கணக்காகப் பூசிய வீரிய ஸ்டீராய்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்குள் போகும். கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற பாதையை அது மந்தப்படுத்தும், அழுத்தம் ஏறும். 10 முதல் 21 வரை சாதாரணம் என்று கணக்கு. அழுத்தம் ஏறி அப்படியே நின்றால் பார்வை நரம்பு கெடும், அதுதான் கிளாக்கோமா. இன்னொன்று லென்ஸின் பின்பக்கம் மங்கல் விழுவது, அது ஸ்டீராய்டுப் புரை. இரண்டும் ஆரம்பத்தில் வலிக்காது. நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு கண்ணில் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லத் தெரியுமா? அடுத்த கண்ணை வைத்துச் சமாளித்துக்கொள்வான்.

கிரீமைவிடக் கண் சொட்டு மருந்தில்தான் இது அதிகம். கண் சிவந்ததும் டெக்ஸாமெத்தசோன் கலந்த சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் மகனுக்கு வெளிச்சம் கூசுவது அழுத்தத்தால்தான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. கரப்பான் பிள்ளைகளுக்குக் கண்ணின் வெண்படலமும் கருவிழியும் அழற்சியாவது உண்டு, அதுவே கூசும். கை முட்டியால் கண்ணை அழுத்தித் தேய்க்கிறானா? அந்தப் பழக்கம் வருஷக்கணக்கில் நின்றால் கருவிழியே கூம்பிப் போகலாம். கரப்பான் நோயே, எந்த மருந்தும் போடாதவர்களுக்கும், லென்ஸில் புரையைக் கொண்டுவருவது உண்டு. கண்ணில் எது வந்தாலும் கிரீமின் தலையில் போட்டுவிட முடியாது. பார்த்தால்தான் தெரியும்.

முக்கியமாக ஒன்று. அவனுக்கு இளைப்பு (ஆஸ்துமா) இருந்தால் கண் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்துகளில் டிமோலால் போன்றவை இளைப்புப் பிள்ளைக்கு ஆகாது.

மோல்மீன்_பாட்டி | ஜனவரி 12, மாலை 5.10

பேத்தி தட்டச்சு செய்து கொடுக்கிறாள். தாயி, கரப்பான் பண்டத்தை நிறுத்தினாயா? கத்தரிக்காய், கருவாடு, ஙாப்பி என்கிற மீன் விழுது, இறால், எதுவும் கூடாது. எங்கள் காலத்தில் இந்த டியூபெல்லாம் ஏது? நல்ல தனக்கா மரக்கட்டை வாங்கிக் கல்லில் சந்தனம் போல இழைத்து முகத்தில் பூசு, குளிர்ச்சி. ரங்கூனில் இருக்கிற நீங்கள் டப்பாவில் வருகிற தனக்காவைப் பூசுகிறீர்கள், அதுதான் எல்லாக் கெடுதலும்.

தாம்வே_அம்மா | ஜனவரி 12, மாலை 6.30

பாட்டி, இரண்டு வருஷமாக அதெல்லாம் நிறுத்திப் பார்த்தாகிவிட்டது. முட்டை, பால், மீன் எதுவும் இல்லாமல் ரசம் சாதம்தான். கரப்பான் நிற்கவில்லை, பிள்ளைதான் இளைத்துவிட்டான். நாலு வயதில் 13 கிலோ.

தனக்கா மாமியார் தினமும் காலையில் பூசுகிறார். இங்கே பூசாத பிள்ளையே இல்லையே, பள்ளிக்கூட வாசலில் எல்லா முகமும் ஒரே மாதிரி வெளிர்மஞ்சளாக இருக்கும். இவன் முகத்தை மட்டும் எப்படி வெறுமையாக அனுப்புவது என்கிறார்.

பெகு_மருந்துக்கடை | ஜனவரி 12, இரவு 8.20

பாட்டி சொன்னதில் டப்பா விஷயம் எனக்கும் சரி என்று படுகிறது. வாசனை கலந்து வருவது புண்பட்ட தோலுக்கு ஆகாது. இழைத்த தனக்காவும்கூடக் காயும்போது தோலை இறுக்கி உலர்த்தும், இவனுக்கு வேண்டியதோ ஈரம். கரப்பான் உள்ள இடத்தை விட்டுவிட்டு, ஆறிய இடத்தில் மட்டும் பூசட்டும் என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். மூக்கில் ஒரு கோடு போட்டால் அவர் மனசும் ஆறும். எங்கள் வீட்டில் மூத்தவனுக்கு மொட்டை போட்டுத் தலை நிறையச் சந்தனம் அப்பினோம், மறுநாள் மண்டை முழுக்க வெடிப்பு. சந்தனம் குளிர்ச்சி என்றுதான் நானும் நினைத்தேன்.

சாப்பாட்டில் மட்டும் பாட்டியோடு ஒத்துப்போக முடியவில்லை, மன்னிக்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு, அதிலும் சின்ன வயதிலேயே கடுமையாக வந்தவர்களுக்கு, முட்டையோ பாலோ ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடு வீங்கும், தடிப்புத் தடிப்பாக வரும், வாந்தி எடுப்பான். அப்படி எதுவும் நடந்ததில்லை என்றால் மீனையும் முட்டையையும் ஒட்டுமொத்தமாக நிறுத்த வேண்டியதில்லை. 13 கிலோ என்பது குறைவு அம்மா. டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

சிங்கப்பூர்_ரங்கூன்பெண் | ஜனவரி 13, இரவு 12.05

எங்கள் வீட்டுக் கதை கொஞ்சம் வேறு மாதிரி. மகளுக்கு 9 வயது, 26 கிலோ. எல்லாக் கிரீமும் பார்த்துவிட்டு இங்கே டூபிலுமாப் ஊசி தொடங்கினோம். முதல் நாள் இரண்டு ஊசி, அப்புறம் நாலு வாரத்துக்கு ஒன்று. ஸ்டீராய்டு இல்லை. அரிப்பைக் கிளப்பும் இரண்டு சமிக்ஞைகளை மட்டும் தடுக்கும் மருந்து. அமெரிக்காவில் 2017-இல் பெரியவர்களுக்கு வந்தது, 2020-இல் 6 வயது முதல், 2022-இல் 6 மாதக் குழந்தை முதல் அனுமதி கொடுத்தார்கள். விலை அதிகம். ரங்கூனில் இருக்கும் அம்மாவிடம் விலையைச் சொல்லவே மனசு வரவில்லை.

தோல் நம்ப முடியாத அளவுக்கு நன்றாகிவிட்டது. ஆனால் மூன்றாவது மாதம் கண்ணில் தொடங்கியது. காலையில் இமை ஒட்டிக்கொண்டு எழுந்தாள், மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்றாள், வெள்ளை விழி சிவப்பு. மெட்ராஸ் ஐ என்று நினைத்துப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருந்தேன். சீழும் இல்லை, வீட்டில் வேறு யாருக்கும் தொற்றவும் இல்லை. ஊசியின் பக்கவிளைவு என்றார் டாக்டர். பெரியவர்களை வைத்து நடந்த சோதனைகளில் ஊசி போட்டவர்களில் 10 விழுக்காடு அளவுக்கு வெண்படல அழற்சி வந்திருக்கிறது, வெறும் தண்ணீர் ஊசி போட்டவர்களில் 2 விழுக்காடு. இதே ஊசியை ஆஸ்துமாவுக்குப் போட்டவர்களுக்கு அந்த அளவுக்கு வரவில்லையாம். கண்ணில் வழவழப்பு சுரக்கும் செல்கள் குறைவதால் இருக்கலாம் என்று ஒரு விளக்கம் சொன்னார்.

ஊசியை நிறுத்தவில்லை. பதனப்பொருள் கலக்காத செயற்கைக் கண்ணீர் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. அடங்காதபோது லேசான ஸ்டீராய்டு சொட்டு இரண்டு வாரம். வாரா வாரம் அழுத்தம் பார்த்துத்தான் கொடுத்தார். இப்போது கண்ணீர்ச் சொட்டு மட்டும் போதும் என்ற நிலை.

இன்செயின்_அப்பா | ஜனவரி 13, காலை 7.50

போத்தாட்டாவ் அண்ணனுக்கும், இதைப் படித்துவிட்டு இன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்தப்போகிறவர்களுக்கும் என் மகள் கதையைச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷம் முன்னால் இப்படித்தான் இணையத்தில் படித்துப் பயந்தேன். டாக்டர் கொடுத்த மருந்து அளவானதுதான், உடம்புக்கு மட்டும்தான். அதையும் நிறுத்தினேன். தேங்காய் எண்ணெய் மட்டும். மூன்று வாரத்தில் முழங்காலும் கழுத்தும் வெடித்து நீர் கசிந்தது. அந்தச் சமயம் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவருக்கு உதட்டோரம் கொப்புளம் இருந்தது, பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் போனார். நாலைந்து நாளில் மகளுக்குக் காய்ச்சல். கழுத்திலிருந்து கன்னம் வரை ஒரே அளவில் வட்ட வட்டமாகப் புண். காகிதத்தில் ஓட்டை போடும் கருவியால் குத்தி எடுத்த மாதிரி.

இது அக்கி, காவி கரைத்து எழுதினால் போய்விடும் என்றார் எங்கள் பெரியம்மா. எழுதியும் பார்த்தோம். மறுநாள் புண் இமைக்கு வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கரப்பான் தோலில் ஹெர்ப்பிஸ் கிருமி பரவியிருக்கிறது என்று ராத்திரியோடு ராத்திரியாக அசைக்ளோவிர் ஏற்றினார்கள். கண் டாக்டரும் வந்து பார்த்தார். கருவிழியைத் தொடவில்லை, தெய்வம் காப்பாற்றியது. ஒரு நாள் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கரப்பான் பிள்ளைக்குக் காய்ச்சலோடு இப்படிப் புண் வந்தால் காவி எழுதக் காத்திருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரி.

போத்தாட்டாவ்_அண்ணன் | ஜனவரி 13, காலை 9.15

படித்தேன் தம்பி. குப்பையில் போடச் சொன்னது தப்பு, திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தாம்வேத் தங்கச்சி, டாக்டரிடம் போய்விட்டு வந்து எழுதுங்கள். ஆட்டோ, துணை எது வேண்டுமானாலும் தனிச்செய்தி அனுப்புங்கள், நான் பக்கம்தான்.

தாம்வே_அம்மா | ஜனவரி 17, இரவு 9.30

போய்விட்டு வந்தோம். அண்ணனும் அண்ணியும் கூடவே வந்தார்கள், இந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

கண் டாக்டரின் அறை இருட்டு. தாடையை வைக்கிற கருவிக்கு இவன் எட்டவில்லை, என் மடியில் மண்டியிட்டு நின்றான். மரத்துப்போகும் சொட்டு எரியும் என்று முன்னாலேயே சொன்னார்கள், அழவில்லை. அந்த நீல வெளிச்சம் கிட்டே வந்தபோதுதான் என் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வலது கண் 28, இடது 26. கண்நர்ஸ் தங்கச்சி எழுதியிருந்த 21 எனக்கு மனப்பாடம், அதனால் அவர் வாயைத் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

நரம்பு நன்றாக இருக்கிறதாம். வலது லென்ஸின் பின்பக்கம் உப்புக்கல் அளவுக்கு ஒரு மங்கல். அது திரும்ப மறையாது, பெரிதாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். வெளிச்சம் கூசுவதற்குக் காரணம் தனி, ஒவ்வாமையால் கருவிழி மேற்பரப்பில் அழற்சி. அதற்கு ஒரு சொட்டு, அழுத்தத்துக்கு ஒரு சொட்டு. இவனுக்கு மழைக்காலத்தில் இளைப்பு வரும் என்று சொன்னதும் எழுதிய மருந்தை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார். தங்கச்சி, அந்த ஒரு வரிக்காக உங்களுக்கு எத்தனை தடவை நன்றி சொல்வது.

தோல் டாக்டர் முகத்துக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் 1% ஒரு வாரம், இமைக்கு ரொம்ப மெல்லியதாக. அதற்கப்புறம் டாக்ரோலிமஸ் 0.03% களிம்பு. கைமடிப்புக்கு மட்டும் நடுத்தர ஸ்டீராய்டு. டாக்ரோலிமஸ் பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்துப் படித்தால் புற்றுநோய் என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. கை நடுங்குகிறது ஐயா. ஒரு கிணற்றிலிருந்து ஏறி இன்னொன்றில் விழுகிறேனோ?

பெகு_மருந்துக்கடை | ஜனவரி 18, காலை 7.00

அந்தக் கட்டம் எப்படி வந்தது என்று சொல்கிறேன், அப்புறம் நீங்களே யோசியுங்கள். டாக்ரோலிமஸ் என்பது ஜப்பானில் சுகுபா ஊர் மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரில் 1984-இல் கண்டுபிடித்த மருந்து. உறுப்பு மாற்று நோயாளிகளுக்கு வாய்வழியாக, பெரிய அளவில் கொடுப்பார்கள். அவர்களுக்கு நிணநீர்ப் புற்று வரும் வாய்ப்பு கூடும் என்று தெரியும். களிம்பு 2000-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலங்குச் சோதனைகளையும் அந்த நோயாளிகளையும் மனதில் வைத்து 2006-இல் எச்சரிக்கைக் கட்டம் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு களிம்பு பூசிய ஏறத்தாழ 8,000 குழந்தைகளை 10 வருஷம் வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். அந்த வயதில் எதிர்பார்க்கும் அளவைவிடப் புற்றுநோய் அதிகம் வரவில்லை. நானாக இருந்தால் பூசுவேன், என் பேரனுக்குப் பூசியும் இருக்கிறேன்.

இது தோலை மெலிய வைக்காது, இமைக்கு அதனால்தான் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கண் அழுத்தத்தையும் ஏற்றாது. தொந்தரவு என்னவென்றால் முதல் நாலைந்து நாள் எரியும், மிளகாய் கிள்ளிய விரல் பட்ட மாதிரி. பிள்ளை அழுவான், நிறுத்திவிடாதீர்கள், தோல் ஆற ஆற எரிச்சல் குறையும். குளிர்பெட்டியில் வைத்துப் பூசினால் எரிச்சல் மட்டுப்படும் என்பார்கள். கரண்ட் நிலவரத்துக்கு நான் சொல்வது, டியூபை ஒரு பையில் போட்டு மண்பானை மேல் வையுங்கள். பூசிய இடத்தில் நேர் வெயில் படக் கூடாது. புண் இருந்தால், கொப்புளம் இருந்தால் அன்று பூச வேண்டாம்.

அப்புறம் அளவு. கைமடிப்புக்கு ஸ்டீராய்டு எவ்வளவு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு பிதுக்குங்கள், அது ஏறத்தாழ அரை கிராம். பெரியவர் உள்ளங்கை இரண்டு சேர்ந்த இடத்துக்கு அது போதும். உங்கள் மகன் வயதில் ஒரு கை முழுக்கக் கரப்பான் என்றாலே இரண்டு விரல் அளவுதான். மடிப்புக்கு மட்டும் என்றால் அரை விரல். பயந்து கடுகளவு தடவினால் ஆறாது, ஆறாததால் மாதக்கணக்கில் தடவுவீர்கள். சரியான அளவில் சில நாள் தடவி நிறுத்துவது பாதுகாப்பானது.

இதை எல்லாவற்றையும்விட வாசலின் போன்ற வெள்ளைப் பாரஃபின்தான் இவனுக்குத் தினசரி மருந்து. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷத்துக்கு மேல் குளிப்பாட்ட வேண்டாம். துடைக்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் தாராளமாகப் பூசுங்கள். கரப்பான் பிள்ளைக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை போகும் என்பது பிரிட்டனில் சொல்லும் கணக்கு. பாரஃபின் ஊறிய துணி சீக்கிரம் தீப்பற்றும். கரண்ட் இல்லாத ராத்திரி மெழுகுவர்த்தியைப் படுக்கையிலிருந்து தள்ளியே வையுங்கள்.

லாஷியோ_டீச்சர் | ஜனவரி 20, மாலை 4.40

எங்கள் பக்கம் மூலிகைக் களிம்பு என்று சீனாவிலிருந்து நிறைய வருகிறது, மருந்துப் பெயரே போட்டிருக்காது. அதுவும் மூன்று நாளில் குணமாகிறது. அதை நம்பலாமா?

பெகு_மருந்துக்கடை | ஜனவரி 20, இரவு 8.10

மூன்று நாளில் குணமாகிறது என்பதே எனக்கு உறுத்துகிறது டீச்சர். 1999-இல் இங்கிலாந்தில் இப்படிப்பட்ட 11 சீன மூலிகைக் கிரீம்களை ஆய்வகத்தில் சோதித்தார்கள், 8-இல் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு இருந்தது. முகம், மடிப்பு போன்ற மென்மையான தோலில் பூசிய கிரீம்கள் அவை. பெயர் போட்ட டியூபுக்கு நான் வழி சொல்ல முடியும், பெயரே இல்லாததற்கு என்ன சொல்வேன்?

சிங்கப்பூர்_ரங்கூன்பெண் | ஜனவரி 21, காலை 10.30

இன்னொன்றும் கேட்க நினைத்தேன். மகளுக்கு ஆறிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. ஸ்டீராய்டு தோலை வெளுத்துவிட்டது என்று அம்மா தொலைபேசியில் அழுகிறார்.

கண்நர்ஸ் | ஜனவரி 21, மதியம் 12.15

என் தம்பிக்கும் இருந்தது அக்கா. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கரப்பான் ஆறிய இடம் வெளிறியோ கறுத்தோதான் நிற்கும், பெரும்பாலும் அழற்சி விட்டுப்போன தடம் அது. வீரிய ஸ்டீராய்டும் வெளுக்க வைக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டுமே பெரும்பாலும் மாதங்களில் திரும்பிவிடும். இடத்தைப் படம் எடுத்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். நிறம் ஏற்றுகிறேன் என்று வேறெந்தக் கிரீமும் போட வேண்டாம்.

தாம்வே_அம்மா | மார்ச் 29, இரவு 9.00

இரண்டு மாதம் எழுத முடியவில்லை. முதல் மூன்று வாரம் நரகம். பெகு ஐயா சொன்ன மாதிரியே பொங்கியது, இமை இரண்டும் வீங்கி ஒரு நாள் கண் திறக்கவே இல்லை. இரண்டு தடவை பழைய டியூபைக் கையில் எடுத்துவிட்டேன். மறுபடி கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்பானே என்று நினைத்து வைத்துவிட்டேன்.

இன்று அழுத்தம் 17, 16. சொட்டு மருந்தைக் குறைத்திருக்கிறார்கள். லென்ஸில் அந்த உப்புக்கல் அப்படியே இருக்கிறது, பெரிதாகவில்லை. இமைத் தோலின் மினுமினுப்பு பாதி போய்விட்டது, சிவப்பு நூல் இன்னும் தெரிகிறது. முட்டையும் மீனும் சாப்பிடுகிறான், 14 கிலோ தாண்டிவிட்டான். கடைக்காரரிடம் காலி டியூபை எடுத்துக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னேன். தனக்கே தெரியாது என்றார், முகம் வாடிவிட்டது. இனிக் கேட்டுத்தான் கொடுப்பேன் என்றிருக்கிறார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கேட்பேன்.

திஞ்ஜான், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா, வருகிறது. தண்ணீர் ஊற்றி விளையாட விடலாமா?

கண்நர்ஸ் | மார்ச் 29, இரவு 9.45

விடுங்கள் அக்கா, பாவம். போகும் முன் உடம்பு முழுக்க வாசலின். நீச்சல் கண்ணாடி மாட்டிவிடுங்கள், தெருத் தண்ணீர் கண்ணில் படக் கூடாது. வாசனைத் தண்ணீர் ஊற்றுகிற இடத்துக்குப் போக வேண்டாம். வந்ததும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டிவிட்டு மறுபடி வாசலின்.

தௌஞ்சீ_புதுஅம்மா | ஏப்ரல் 2, காலை 11.20

இந்த இழை முழுக்க இப்போதுதான் படித்தேன். என் மகளுக்கு ஒன்றரை வயது. கடையில் கொடுத்த டியூபை எடுத்துப் பார்த்தேன், பெட்டாமெத்தசோன் 0.1% என்று இருக்கிறது. பயமாக இருக்கிறது, என்ன செய்வது?

தாம்வே_அம்மா | ஏப்ரல் 2, காலை 11.26

பயப்படாதே தங்கச்சி, டியூபைத் தூக்கிப் போட்டுவிடாதே. எங்கே தடவுகிறாய்? முகத்திலா, டயப்பர் போடும் இடத்திலா, கை காலிலா? எத்தனை நாளாக? பக்கத்தில் வேறு மருந்துப் பெயர் ஏதாவது சேர்ந்து இருக்கிறதா என்று பார்த்து எழுது, நான் இங்கேயே இருக்கிறேன்.